ஆழ்கடலில் முந்தப்போவது சட்டமா, சுரங்கமா?

எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பெருங்கடல் பகுதிகளில் வாழும் உயிரினங்களைக் காப்பதற்கான பன்னாட்டு ஒப்பந்தம் 2026 ஜனவரி 17 அன்று நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகாலப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு 2023 ஜூன் மாதம் ஐ.நா. அவையில் ஏற்கப்பட்ட ஒப்பந்தம் இது. அறுபதாவது நாட்டின் ஏற்புறுதி 2025 செப்டம்பரில் கிடைத்தது. அதிலிருந்து 120 நாள்கள் கழித்து அது சட்ட வலிமை பெற்றது. உலகக் கடல் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இதுவரை காவலற்ற வெளியாகவே கிடந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், இது சிறிய செய்தி அல்ல. ஆயினும் நம் நாட்டில் பெரிய அளவில் எவரும் இதைப் பேசவில்லை.

இதற்கு நேர் எதிரான இன்னொரு நகர்வும் நடந்துகொண்டிருக்கிறது. ஆழ்கடல் தரையிலிருந்து கனிமங்களை எடுப்பதை விரைவுபடுத்தும் ஆணையில் அமெரிக்க அதிபர் 2025 ஏப்ரல் 24 அன்று கையொப்பமிட்டார். அடுத்த சில நாள்களிலேயே, பசிபிக் பெருங்கடலின் கிளாரியன்-கிளிப்பர்டன் பகுதியில் வணிக நோக்கில் கனிமம் எடுக்க ஒரு நிறுவனம் அந்நாட்டு அரசிடம் விண்ணப்பித்தது. அமெரிக்கா ஐ.நா. கடல் சட்ட உடன்பாட்டில் இணையாத நாடு. 1980-இல் இயற்றிய தனது உள்நாட்டுச் சட்டம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, மனித குலத்தின் பொதுச் சொத்து என்று பிற நாடுகள் ஒப்புக்கொண்ட கடல் தரைக்கு அது உரிமம் வழங்க முற்படுகிறது.

ஒரு தொழில் வேரூன்றுவதற்கு முன்பே அதற்குச் சட்டத்தால் கரை கட்டிவிட முடியுமா என்பதே இன்றைய கேள்வி. ஒரு முறை அது முடிந்திருக்கிறது. அந்த வரலாற்றில் முக்கியப் பங்கு வகித்தவர் ழாக்-இவ் கூஸ்தோ என்ற பிரெஞ்சுக்காரர். கடலடி உலகை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்த தொலைக்காட்சி மனிதராகவே அவர் பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறார். சிவப்புக் கம்பளித் தொப்பி, ஒல்லியான உருவம், காலிப்ஸோ என்ற கப்பல் ஆகியவை உலகம் அறிந்த அடையாளங்கள். ஆனால், இன்றைய சிக்கலைப் புரிந்துகொள்ள உதவுவது அவரது புகழ் அல்ல. அவர் மனம் மாறிய விதம்.

1910-இல் பிறந்த கூஸ்தோ பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. விமானியாக வேண்டும் என்பதே அவர் விருப்பமாக இருந்தது. 1936-இல் நடந்த கார் விபத்தில் கைகள் நொறுங்கவே அந்த ஆசை முடிந்துபோயிற்று. கைகளுக்கு வலுவூட்ட நீந்தத் தொடங்கியவருக்கு, துலோன் கடற்கரையில் நண்பர் ஒருவர் நீர்க் கண்ணாடியைக் கொடுத்தார். அதை அணிந்துகொண்டு தலையைத் தண்ணீருக்குள் நுழைத்த கணத்தில் அவர் வாழ்க்கை திசை மாறியது.

அதுவரை கடலுக்குள் நெடுநேரம் இருக்க வேண்டுமானால் கனத்த உலோகத் தலைக்கவசமும் மேலே படகிலிருந்து காற்று செலுத்தும் குழாயும் தேவை. குழாயின் நீளமே மனிதனின் எல்லை. 1943-இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழ் பிரான்ஸ் இருந்த நாள்களில், எமில் காக்னான் என்ற பொறியாளருடன் சேர்ந்து கூஸ்தோ அந்தக் குழாயை அறுத்தெறிந்தார். போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டால் கார்களை எரிவாயுவில் ஓட்டுவதற்காகக் காக்னான் ஒரு வால்வை வடிவமைத்திருந்தார். அதையே சற்று மாற்றி, முதுகில் சுமக்கும் உருளையிலுள்ள அழுத்தக் காற்றை, மூச்சை இழுக்கும்போது மட்டும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு ஏற்ற அளவில் வெளிவிடும் கருவியாக்கினார்கள். 'அக்வா-லங்' என்று பெயர் பெற்ற அந்தக் கருவிதான் இன்றைய ஸ்கூபா முங்கலின் அடிப்படை.

(கடலடிக்கு முதலில் சென்றவர் கூஸ்தோ அல்லர் என்பதைச் சொல்லியாக வேண்டும். மன்னார் வளைகுடாவில் காலில் கல்லைக் கட்டி, மூச்சை அடக்கி முத்தும் சங்கும் குளித்தவர்களுக்கு அந்த உலகம் பல நூற்றாண்டுகளாகத் தெரியும். அவர்கள் கையில் கேமரா இல்லை, அவ்வளவுதான். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது என்பது தனிக் கதை.)

தொடக்கக் காலக் கூஸ்தோவைக் கடல் பாதுகாவலர் என்று அழைக்கவே முடியாது. காலிப்ஸோ, போர்க்காலத்தில் கண்ணிவெடி அகற்றிய பழைய கப்பல். 1950-இல் ஆண்டுக்கு ஒரு பிராங்க் என்ற பெயரளவு வாடகைக்கு ஒரு செல்வந்தர் அதை அவருக்கு அளித்தார். கப்பல் கிடைத்தாலும் அதை ஓட்டப் பணம் வேண்டுமே! அவருடைய மனைவி சிமோன் தம் நகைகளை விற்றுக் கொடுத்தார். பல ஆண்டுகள் அக்கப்பலிலேயே வாழ்ந்தவர் அவர். ஆனால், படங்களில் அநேகமாக அவர் முகமே இராது. 1954-இல் வேறொரு வழியில் பணம் வந்தது. பின்னாளில் பி.பி. என்று பெயர் மாறிய பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனத்துக்காக அபுதாபிக் கடற்பகுதியில் எண்ணெய் தேடும் ஆய்வுப் பணியைக் காலிப்ஸோ ஏற்றது. சுறாக்களுக்கு அஞ்சிக் கூண்டுக்குள் நின்றபடி முங்குநர்கள் கடல் தரைப் பாறையைப் பெயர்த்து மாதிரி எடுத்தனர். வளைகுடாக் கடலின் எண்ணெய் வயல்களைத் தேடும் முதல் முயற்சிகளில் கூஸ்தோவின் கையும் இருந்தது.

அவரை உலகப் புகழுக்கு உயர்த்திய 'மௌன உலகம்' திரைப்படம் 1956-இல் கான் விழாவின் உயரிய விருதையும், அடுத்த ஆண்டு ஆஸ்கரையும் வென்றது. அப்படத்தை இன்று பார்ப்பவர்கள் அதிர்ந்துபோவார்கள். பவளப்பாறைப் பகுதியில் எத்தனை வகை மீன்கள் உள்ளன என்று கணக்கெடுக்க டைனமைட் வைத்து வெடிக்கச் செய்கிறார்கள். கப்பலின் சுழலியில் அடிபட்ட ஸ்பெர்ம் திமிங்கிலக் குட்டியின் குருதியை நாடிச் சுறாக்கள் வருகின்றன. குழுவினர் அந்தச் சுறாக்களைக் கொக்கியால் இழுத்துப் போட்டுக் கோடரியால் வெட்டிச் சாய்க்கிறார்கள். இவை எதையும் படம் மறைக்கவில்லை. மறைக்க வேண்டும் என்று அன்று எவருக்கும் தோன்றவும் இல்லை. கடல் வற்றாதது, அதில் எதை எடுத்தாலும் குறையாது என்ற நம்பிக்கை அறிவாளிகளிடமும் இருந்த காலம் அது.

1960-இல் முதல் திருப்பம் நிகழ்ந்தது. பிரெஞ்சு அணுசக்தித் துறை கதிரியக்கக் கழிவுகளை மத்திய தரைக்கடலில் கொட்டத் திட்டமிட்டது. மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த கூஸ்தோ வெளிப்படையாக எதிர்த்தார். கடலோர மக்களின் எதிர்ப்பும் சேர்ந்துகொள்ளவே திட்டம் கைவிடப்பட்டது. ஆனாலும் அவர் அப்போதே முழுமையாக மாறிவிட்டார் என்று கூற முடியாது. 1962 முதல் 1965 வரை கடல் தரையில் மனிதர்களை வாழவைக்கும் மூன்று சோதனைகளை அவர் நடத்தினார். முதலில் மார்செய் அருகே பத்து மீட்டர் ஆழத்தில் இருவர் ஒரு வாரம். அடுத்து சூடான் அருகே செங்கடலில் ஒரு சிற்றூர். இறுதியில் நீஸ் நகருக்கு அருகே நூறு மீட்டர் ஆழத்தில் ஆறு பேர் மூன்று வாரம். எண்ணெய்த் தொழில் இதற்குப் பணம் தந்தது. கடலடியில் குடியிருந்து எண்ணெய்க் கிணறு தோண்டும் தொழிலாளர் கூட்டம் ஒன்றை அது கனவு கண்டது.

அந்தக் கனவுடன் கூஸ்தோ ஏன் தொடரவில்லை என்பதற்கு ஒற்றைக் காரணம் சொல்வது எளிதன்று. எண்ணெய் நிறுவனங்களுக்கு மனிதனைக் குடியமர்த்துவதைவிட இயந்திரத்தை இறக்குவது மலிவாகப் பட்டது என்பது ஒன்று. இருபது ஆண்டுகளுக்கு முன் தாம் முங்கிய அதே மத்திய தரைக்கடல் பகுதிகளுக்குத் திரும்பிச் சென்றபோது மீன்களும் கடற்பாசிகளும் அருகியிருந்ததை அவர் தம் கண்ணாலேயே கண்டார் என்பது இன்னொன்று. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவனுக்கே இழப்பு புலப்படும். ஆய்வாளராக அவர் மீது பல்கலைக்கழக அறிஞர்களுக்குப் பெரிய மதிப்பு இருந்ததில்லை. முறையான அறிவியல் பட்டம் எதுவும் அவருக்கு இல்லை. ஆனால், நாற்பதாண்டு காலம் தொடர்ந்து படம் பிடித்த கண் அவரிடம் இருந்தது. அந்தக் கண்ணே அவரை மாற்றியது என்று கருதுவது தவறாகாது. 1973-இல் கூஸ்தோ சங்கம் என்ற கடல் பாதுகாப்பு அமைப்பை அவர் அமெரிக்காவில் நிறுவினார்.

அவரது ஆகப்பெரிய பணி எண்பது வயதை நெருங்கும்போதுதான் வந்தது. அண்டார்க்டிகாவில் கனிமம் எடுப்பதை முறைப்படுத்தும் உடன்பாடு ஒன்று 1988 ஜூன் மாதம் வெலிங்டனில் ஏற்கப்பட்டது. சுரங்கத்தைத் தடுப்பதற்கன்று, விதிகளுக்கு உட்பட்டு அனுமதிப்பதற்கான உடன்பாடு அது. ஆறு ஆண்டுகள் பேசி முடித்த உடன்பாடு. பெரிய நாடுகள் எல்லாம் ஒப்புக்கொண்ட ஒன்று. இனி அதைத் தடுக்க முடியாது என்றே நினைக்கப்பட்டது. அது நடைமுறைக்கு வர, அண்டார்க்டிகாவில் நிலப்பரப்பு கோரும் எல்லா நாடுகளின் ஏற்பும் தேவை என்ற விதியில்தான் கதவு திறந்திருந்தது. கூஸ்தோ பிரான்சில் கையெழுத்து இயக்கம் நடத்தினார். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். 1989-இல் ஆஸ்திரேலியாவும் பிரான்சும் பின்வாங்கின. உடன்பாடு பிறக்கும் முன்பே இறந்தது. 1990-இல் கண்டத்துக்கு ஒருவராக ஆறு சிறுவர்களை அவர் அண்டார்க்டிகாவுக்கு அழைத்துச் சென்றார். விளம்பரம்தான், ஆனால், எதற்கு விளம்பரம் தேட வேண்டும் என்று அறிந்தவரின் விளம்பரம்.

1991 அக்டோபர் 4 அன்று மாட்ரிட்டில் கையொப்பமான நெறிமுறை, அறிவியல் ஆய்வு தவிர்த்த எல்லாக் கனிமச் செயல்பாடுகளையும் அக்கண்டத்தில் தடை செய்தது. அது நடைமுறைக்கு வந்தது 1998 ஜனவரியில். 1997 ஜூன் 25 அன்று காலமாகிவிட்ட கூஸ்தோ அதைக் காணவில்லை. 2048-இல் இந்தத் தடை காலாவதியாகிவிடும் என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியன்று. 2048-க்குப் பிறகு உறுப்பு நாடு எதுவும் மறு ஆய்வு மாநாட்டைக் கோரலாம் என்பது மட்டுமே விதி. அப்போதும், கனிமச் செயல்பாட்டை ஒழுங்குபடுத்தும் கட்டாயச் சட்ட ஏற்பாடு ஒன்று இல்லாமல் தடையை நீக்க இயலாது.

அண்டார்க்டிகாவில் வெற்றி கிடைத்ததற்குக் கூஸ்தோவின் புகழ் மட்டும் காரணமன்று. அன்று அங்கே எவரும் முதலீடு செய்திருக்கவில்லை. இழக்கப் போவதாக முறையிட ஒரு நிறுவனம் இல்லை, வேலை போய்விடும் என்று கூற ஒரு தொழிலாளி இல்லை, பங்குச் சந்தையில் ஒரு பங்கு இல்லை. சட்டம் தொழிலை முந்திக்கொண்டது. எண்ணெயிலும் திமிங்கில வேட்டையிலும் இழுவலை மீன்பிடிப்பிலும் தொழில் முந்திக்கொண்டது. சட்டம் பின்னால் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆழ்கடல் சுரங்கம் இப்போது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் இருக்கிறது. நான்காயிரம் முதல் ஆறாயிரம் மீட்டர் ஆழத்தில், உருளைக்கிழங்கு அளவிலான கருமுடிச்சுகள் கடல் தரையில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் மாங்கனீசு, நிக்கல், தாமிரம், கோபால்ட் உள்ளன. பத்து இலட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டர் வளர்பவை அவை. அந்த முடிச்சுகளையே பற்றிடமாகக் கொண்டு வாழும் உயிர்கள் அங்கே உண்டு. பசிபிக்கில் 1979-இல் ஒரு சோதனை இயந்திரம் ஓடிய தடத்தை நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு ஆய்வாளர்கள் சென்று பார்த்தனர். தடம் அப்படியே கிடந்தது. சிறு உயிர்கள் சில திரும்பியிருந்தன. நிலையாகப் பற்றி வாழும் பெரிய உயிரினங்கள் மிக அரிதாகவே காணப்பட்டன. இந்த முடிவுகள் 2025-இல் வெளிவந்தன.

புதிய ஒப்பந்தம் இதைத் தடுத்துவிடும் என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். பெருங்கடலில் பாதுகாக்கப்பட்ட பகுதிகளை அறிவிக்கவும், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கவும் அது வழிசெய்கிறது. கடல் தரைக் கனிமத்தின் மீதான அதிகாரம் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரிலுள்ள சர்வதேச கடற்படுகை ஆணையத்திடமே நீடிக்கிறது. 1994 முதல் இயங்கும் அந்த ஆணையம், ஆய்வு உரிமங்களை வழங்கியிருக்கிறதே தவிர, வணிகச் சுரங்கத்துக்கான விதித்தொகுப்பை இன்னும் முடிக்கவில்லை. விதி முடியும் வரை தொடங்கக் கூடாது என்று ஏறத்தாழ நாற்பது நாடுகள் கோருகின்றன. பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேலே சென்று முழுத் தடையே வேண்டும் என்கிறது. தன் கடலில் சுரங்கத்துக்கு 2024 ஜனவரியில் வழி திறந்த நார்வே, அதே ஆண்டு டிசம்பரில் முதல் உரிமச் சுற்றை நிறுத்திவைத்தது.

சுரங்கத்தை ஆதரிப்போரின் வாதத்தை எள்ளி நகையாடிவிட முடியாது. மின்வாகனங்களுக்கும் மின்கல அடுக்குகளுக்கும் உலோகம் தேவை. நிலத்தில் அதை எடுக்கும் காங்கோவின் கோபால்ட் குழிகளும் இந்தோனேசியாவின் நிக்கல் சுரங்கங்களும் காட்டையும் மக்களையும் என்ன செய்கின்றன என்பதை உலகம் அறியும். ஆழ்கடல் சுரங்கம் தொடங்கினால் அவை மூடப்பட்டுவிடும் என்பதற்கு மட்டும் யாரும் உறுதி தரவில்லை. கடலிலிருந்து வரும் உலோகம் நிலத்து உலோகத்துக்கு மாற்றாக அல்ல, கூடுதலாகவே சந்தைக்கு வரும் என்று எதிர்பார்ப்பதே நடைமுறை அறிவு. தவிரவும், நிக்கலும் கோபால்ட்டும் தேவைப்படாத இரும்பு-பாஸ்பேட் வகை மின்கலங்கள் இன்று உலக மின்வாகனச் சந்தையில் ஏறத்தாழ பாதியைப் பிடித்துவிட்டன. இன்னும் பத்தாண்டில் எந்த உலோகம் எவ்வளவு வேண்டியிருக்கும் என்றே எவராலும் அறுதியிட முடியாதபோது, மீளாத சேதத்துக்கு இப்போதே ஒப்புக்கொள்ள என்ன அவசரம்?

இதில் இந்தியாவின் நிலை ஊன்றிக் கவனிக்கத்தக்கது. மத்திய இந்தியப் பெருங்கடலில் 75 ஆயிரம் சதுர கிலோமீட்டர் பரப்பில் பல்லுலோக முடிச்சுகளைத் தேடும் உரிமம் நம்மிடம் உள்ளது. 2021-இல் மத்திய அரசு 4,077 கோடி ரூபாய் மதிப்பிலான ஆழ்கடல் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம், மூன்று பேரை ஆறாயிரம் மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுசெல்லும் 'மத்ஸ்யா 6000' கலத்தை உருவாக்கி வருகிறது. அதற்கான பயிற்சியாக, 2025 ஆகஸ்ட் மாதம் நம் முங்குநர்கள் இருவர் அட்லாண்டிக்கில் பிரெஞ்சுக் கலமான 'நாட்டீல்' மூலம் நான்காயிரம், ஐந்தாயிரம் மீட்டர் ஆழங்களைத் தொட்டுத் திரும்பினர். கூஸ்தோவின் நாட்டுக் கலத்தில் ஏறிச் சென்ற அந்தச் சாதனை பெருமைக்குரியது.

அதே கழகம்தான் 'வராஹா' என்ற இயந்திரத்தையும் உருவாக்கியது. 2021-இல் மத்திய இந்தியப் பெருங்கடலில் 5,270 மீட்டர் ஆழத்தில் ஓட்டிப் பார்க்கப்பட்ட அது, முடிச்சுகளைத் திரட்டுவதற்கானது. ஒரே கூரையின் கீழ் பார்ப்பதற்கு ஒரு கலமும் எடுப்பதற்கு ஒரு கலமும் இருக்கின்றன. காலிப்ஸோவும் ஒரு காலத்தில் இவ்விரண்டுக்கும் சேர்ந்தே பயன்பட்டது. இந்தியா வளரும் நாடு. கனிமத்துக்காகச் சீனாவை நம்பியிருக்க முடியாது என்ற அரசின் கவலை நியாயமானது. ஆனால், ஆழ்கடலைப் பார்க்கும் திறனை வளர்ப்பதும் அதை உடனே கிளறுவதும் ஒன்றல்ல. முதலாவதற்கு இரண்டாவது நிபந்தனையாக இருக்க வேண்டியதும் இல்லை.

கடல் பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டாலே நம் கடலோர மக்களுக்கு ஏற்படும் ஐயமும் புறந்தள்ளத்தக்கதன்று. பாதுகாக்கப்பட்ட பகுதி என்று அறிவித்தால் முதலில் தடுக்கப்படுவது நாட்டுப்படகுக்காரர்தான் என்பது அவர்கள் அனுபவம். 2024 நவம்பரில் மத்திய அரசு கடல்சார் கனிமத் தொகுதிகளை முதன்முறையாக ஏலத்துக்கு அறிவித்தது. கேரளக் கடற்கரை மணலும் பெரிய நிக்கோபார் அருகிலுள்ள முடிச்சுகளும் அதில் அடக்கம். கேரள மீனவர்கள் கட்சி வேறுபாடின்றித் தெருவில் இறங்கினர். வலை போடக் கூடாது என்று தங்களிடம் சொல்லும் அதே அரசு, அகழ்வு இயந்திரத்துக்கு எப்படி வழிவிடுகிறது என்று அவர்கள் கேட்டனர். கூஸ்தோவின் கடற்படங்களில் பெரும்பாலும் முங்குநரும் மீனும் மட்டுமே இருந்தனர். மீனவர் அவ்வளவாக இல்லை. அவர் விட்டுச்சென்ற மரபில் உள்ள பெரிய இடைவெளி அது. 2030-க்குள் கடலில் முப்பது சதவீதத்தைக் காப்போம் என்று 2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் நாடுகள் உறுதியளித்தன. இன்னும் பத்து சதவீதத்தைச் சுற்றியே நிற்கும் அந்தக் கணக்கை மீனவரை வெளியே நிறுத்தி நிரப்ப முயன்றால், வரைபடத்தில் நிறம் மாறும். கடலில் எதுவும் மாறாது.

பெருங்கடல் ஒப்பந்தத்தில் இந்தியா 2024 செப்டம்பரில் கையொப்பமிட்டது. அதை நடைமுறைக்குக் கொண்டுவந்த முதல் அறுபது நாடுகளின் பட்டியலில் நம் பெயர் இல்லை. கிங்ஸ்டனில் இடைக்காலத் தடை கோரும் நாடுகளின் பட்டியலிலும் இல்லை. அண்டார்க்டிக் கனிமத் தடையை 1990-களிலேயே ஏற்று, 2022-இல் அதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றிய நாடு இது. கடற்படுகை ஆணையத்தின் அவை இந்த ஆண்டும் விதித்தொகுப்பைக் கையில் எடுக்கும்போது, இந்தியப் பிரதிநிதி எந்தப் பக்கம் பேசப்போகிறார் என்பதை நாடாளுமன்றத்தில் யாரேனும் ஒருவர் முன்கூட்டியே கேட்டுவைக்கலாம்.